கல்லடிப் பாலமும் எழுவான்கரை மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் வரலாறு அதன் வாவியின் வரலாறே எனக் கூறின் அது மிகையாகாது. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இவ்வாவி நிலத்தை இரு கூறாக்கியது. ஞாயிறு எழும் கடற்புறம் எழுவான்கரை எனவும், அது படும் மேற்குப்புறம் படுவான்கரை எனவும் பெயர் பெற்றன. எழுவான்கரையின் மணற்பரப்பில் வணிகமும் நெசவும் மீன்பிடியும் வளர்ந்தன. படுவான்கரையில் நெல் விளைந்தது. ஒரு கரையின்றி மறுகரை வாழ இயலாது. ஆகவே வாவியைக் கடத்தல் என்பது இம்மக்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகவே இருந்துவந்தது. கல்லடிப் பாலத்தின் வரலாறு இப்பின்னணியிலேயே நோக்கற்பாலது.

1924இல் ஆங்கிலேயர் இவ்விரும்புப் பாலத்தை அமைத்தனர். அன்றைய தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் நினைவாக அதற்கு ‘லேடி மனிங் பாலம்’ எனப் பெயரிடப்பட்டது. அரச ஏடுகளில் அப்பெயர் நிலைத்தது. மக்கள் நாவிலோ கல்லடிப் பாலம் என்ற பெயரே வழங்கிவருகின்றது. நான்கு ஆண்டுகளின் பின் 1928இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை அடைந்தது. ஆயின் அது வாவியைத் தாண்டவில்லை. புகையிரதத்தில் வந்திறங்கிய சரக்கு காத்தான்குடிக் கடைத்தெருவையும் அதற்கப்பால் கல்முனையையும் அடையவேண்டுமாயின் வண்டியிலோ லொறியிலோ இப்பாலத்தைக் கடந்தாக வேண்டும். புகையிரதம் நின்றுவிட்ட இடத்திலிருந்து அதன் பணியை இப்பாலமே தொடர்ந்தது எனலாம்.

எனினும் பாலம் ஒடுக்கமானது. ஒரு வேளையில் ஒரு திசையிலிருந்தே கனரக வாகனங்கள் செல்ல முடியும். மாட்டு வண்டிகள் மிகுந்து மோட்டார் வண்டிகள் அருகியிருந்த 1924இல் இது குறையாகத் தோன்றியிராது. பஸ்களும் லொறிகளும் பெருகிய பின்னரோ நிலைமை வேறாயிற்று. தெற்கிலிருந்து ஒரு பஸ் பாலத்தில் ஏறிவிட்டால் நகர்ப்புறத்து வாகனங்கள் வரிசையாகக் காத்து நின்றன. அது இறங்கிய பின்னரே மறுபுறத்தாரின் முறை வந்தது. இரும்புச் சட்டங்களுக்கிடையே மெல்ல ஊரும் வாகனங்களை ஒட்டியே சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளும் சென்றனர். அலுவலகம், நீதிமன்றம், பெரிய ஆஸ்பத்திரி யாவும் நகரில் அமைந்திருந்தமையால் காத்தான்குடி, ஆரையம்பதி மக்கள் இவ்வரிசையைத் தவிர்க்க இயலவில்லை. பொறுமை போற்றத்தக்க பண்பே. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளியிடம் அப்பண்பினை எதிர்பார்த்தல் நியாயமாகாது.

உப்புக் காற்று இரும்பினை அரித்துவந்தது. பாரமோ ஆண்டுதோறும் கூடிவந்தது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் இவ்வழியில் முளைத்தன. வாகனங்களின் முறைக்காகக் காத்தவர்கள் அடையாள அட்டையுடனும் காத்து நிற்க நேர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரையோரங்களை அழித்தபோதும் பாலம் நிலைபெற்றது. கடலுக்கும் வாவிக்குமிடையில் அகப்பட்ட குறுகிய நிலத்து மக்களுக்கு நகரை அடையும் தரைவழி அதுவே என்பதை எண்ணினால், அது நிலைத்தமையின் பெறுமதி விளங்கும்.

ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. இருதிசை வாகனங்களும் ஒருங்கே செல்லும் நிலை அன்றே ஏற்பட்டது. அடுத்த ஆண்டில், ஆரையம்பதிக்கு அண்மையில், படுவான்கரையை இணைக்கும் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டது. அதுவரை அங்கே மக்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தியது, ‘பாதை’ என இப்பகுதியார் அழைக்கும் மிதவையே. நீரில் மிதப்பதற்கே பாதை எனப் பெயரிட்ட மக்களின் மொழியில் தரைவழியின்மையின் நெடுங்காலத் துயர் பதிந்திருப்பதைக் காணலாம்.

ஈண்டு ஒரு கணக்கினைச் சிந்தித்தல் தகும். ஒற்றைவழிப் பாலம் 89 ஆண்டுகள் நெடுஞ்சாலையின் முழுப் பாரத்தையும் சுமந்தது. அவற்றுள் குடியேற்ற ஆட்சிக்குரியவை 24 ஆண்டுகளே. எஞ்சிய 65 ஆண்டுகளும் சுதந்திர இலங்கைக்குரியவை. அந்நியர் தமது நிருவாகத் தேவைக்குப் போதுமென அமைத்த அகலத்தையே சுதந்திர நாடும் தன் மக்களுக்குப் போதுமெனக் கொண்டது. இதற்குப் போர் ஒரு காரணம். ஆனால் போர் மூளுமுன்னரே முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. தலைநகரிலிருந்து தொலைவில் வாழும் மக்களின் தேவை எத்துணை மெதுவாக ஆட்சியாளரின் செவிக்கு எட்டுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பழைய பாலம் இடிக்கப்படாது புதியதன் அருகே நிற்கின்றது. நிலவுக் காலங்களில் அதன் கீழே மீன்கள் பாடும் என்ற செய்தியே வெளியூரார் அறிந்தது. அதன்மேல் காத்து நின்ற தமிழரும் முஸ்லிம்களுமான மூன்று தலைமுறையினரின் கதை இன்னும் முறையாக எழுதப்படவில்லை. அவ்விரும்புச் சட்டங்களைப் பேணுவதோடு அக்கதையைத் தொகுப்பதும் இன்றைய தலைமுறையின் கடமையாகும்.