வட்டுக்கோட்டையில் ஒரு கிரகணம்

"சேர், பஞ்சாங்கத்தில கிரகணம் எத்தனை மணிக்கு எண்டு எப்பிடி முதலே கணக்குப் பாக்கினம்?" எங்களில் ஒருவர் தரம் பத்தில் கேட்ட கேள்வி இது. வந்த பதில்: "அது சோதினைக்கு வராது." வகுப்பே சிரித்தது, கேட்டவரைப் பார்த்து. சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

இப்போது ஆசிரியர் பட்டறைகளில் 'விமர்சனச் சிந்தனை' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ஏதோ நேற்றுத்தான் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கிய சாமான் போலக் கதைக்கிறார்கள். ஆனால் அதே கிரகணக் கேள்வியை வைத்து ஏறத்தாழ 200 வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பு நடந்திருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். வேதாகமமும் ஆங்கிலமும் மட்டும் அங்கே பாடமல்ல. கணிதம், வானியல், நன்னூல், திருக்குறள் எல்லாம் இருந்தன. 1829 மார்ச் 20 அன்று ஒரு சந்திர கிரகணம் வர இருந்தது. அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் அதற்கு நேரம் குறித்திருந்தார். செமினரியின் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நிற்கும், சந்திரனில் எவ்வளவு மறையும் என்ற மூன்றிலும் வித்தியாசம். பூவர் அதை முதலிலேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். ஊர் காத்திருந்து வானத்தைப் பார்த்தது. செமினரியின் கணக்குத்தான் சரி வந்தது.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்தது வெற்றி இல்லை, முறை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டையும் முன்கூட்டியே எழுதி வை, பிறகு போய்ப் பார். ஒரு மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? பூவருக்குப் பின் அதிபராக வந்த ஹொய்சிங்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்திய வானியல் கணிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கி 1848 இல் 'சோதி சாத்திரம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். மறுக்க வேண்டிய கணக்கை முதலில் நீயே போடத் தெரிந்திரு என்பதுபோல. முகநூலில் சண்டை பிடிக்கிற எங்களுக்கு இந்தப் பொறுமை கொஞ்சம் வேணும்தான்.

ஆனால் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கிரகணம் பிழைத்தது, ஆகவே புராணம் பொய், ஆகவே உங்கள் சமயம் பொய் என்று மிஷனரிமார் தாவினார்கள். பஞ்சாங்கக் கணக்கும் கணிதந்தான். அதில் சில நிமிடங்கள் பிழைத்தால் கணக்கைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். அதே தராசில் வேதாகமத்தையும் வைத்துப் பார் என்று அந்த வகுப்பில் எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. கேள்வி ஒரு பக்கம் மட்டுமே பாய அனுமதி.

மறுபக்கம் திருப்பியவர் அந்தச் செமினரியில் படித்தவர் அல்ல. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர். 1854 இல் வெளிவந்த 'சைவதூஷணபரிகாரம்' சொல்வதன் சாரம் இதுதான்: எங்கள் கோயிலில் எதைப் பழிக்கிறீர்களோ, அது உங்கள் புத்தகத்திலும் இருக்கிறதே? வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ பின்னாளில் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். பாடபேதம் பார்ப்பதும் 'எது சரி, எப்படித் தெரியும்?' என்ற கேள்விதானே.

செமினரி 1855 இல் மூடப்பட்டது. படித்து வெளியேறியவர்கள் போதகர்களாகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனது மிஷனுக்கு உவப்பாயில்லை. ஆங்கிலக் கல்வியைக் குறை என்று அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் முடிவு செய்தார். யோசிக்கப் பழகின பிள்ளை எங்கே போகும் என்று பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் பயம்.

இந்த இரண்டு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. செமினரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளாளப் பையன்கள். மிஷனரியை அவ்வளவு கூர்மையாகக் கேட்ட நாவலர் சாதி என்று வந்தபோது அந்த ஒழுங்கைக் காக்கத்தான் நின்றார். அவரைக் கொண்டாடும் கட்டுரைகளில் இந்த வரி வழமையாக வழுக்கிப் போய்விடும்.

எழுபது வருடம் கழித்து, செமினரி இருந்த அதே வளவில் இயங்கிய யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924 இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. வாத்தியார்மாரும் மாணவர்களும் ஒன்றாக இருந்து சாதியையும் வெள்ளைக்கார ஆட்சியையும் கேள்வி கேட்டார்கள். சாதி பார்க்காமல் பந்தியில் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள், வாங்கில் மற்றப் பிள்ளைகள். 1930 ஐ ஒட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாருக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் சொன்னது. அதற்கு எதிராக மனுக்கள் போயின. சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள்.

கிரகணக் கணக்குப் பிழைத்தபோது ஒருத்தரும் பள்ளிக்கூடத்தை எரிக்கவில்லை. ஒரு வாங்கு எரித்தது. உங்கள் வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் இதற்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கினம் எண்டு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. பார்த்த பிறகு வகுப்பில் கையை உயர்த்திக் கேளுங்கோ. சோதினைக்கு வராது எண்டு சொல்லுவினம்.