வான்முகட்டின் புயலும் தும்பாவின் ஆலயமும்

சூலூரில் வாழும் நமக்கு வானூர்திகளின் ஓசை புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இங்கு விமானத்தளம் அமைந்துவிட்டது. தலைக்குமேல் சீறிப் பறந்து மறையும் போர் விமானம் எட்டும் உயரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அதற்கும் மேலே, 80 கிலோமீட்டர் முதல் பல நூறு கிலோமீட்டர் வரை, காற்று மிக மெலிந்து பரந்து கிடக்கிறது. கதிரவன் கொந்தளிக்கும்போது முதலில் அடிவாங்குவது அந்த மேல் வளிமண்டலமே. அங்கு வீசும் புயலை நாம் கண்ணால் காண்பதில்லை, காதால் கேட்பதுமில்லை. ஆயினும் அதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றில் நம் நாட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பக்கத்தை எளிய கத்தோலிக்க மீனவ மக்களே எழுதினர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

கதிரவனின் சீற்றம் இரு வகையில் நம்மை வந்தடைகிறது. முதலில் வருவது ஒளி. எக்ஸ் கதிர்களும் புற ஊதாக் கதிர்களும் எட்டே நிமிடங்களில் வந்து, பகல் பக்கத்து மேற்காற்றின் அணுக்களிலிருந்து மின்துகள்களைப் பிரித்தெடுக்கின்றன. அவ்வேளையில் சிற்றலை வானொலி மங்கி அடங்கிவிடும். அடுத்து, மின்னூட்டம் பெற்ற துகள்களின் பெருமேகம் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்து பூமியின் காந்தப் புலத்தின்மீது மோதுகிறது. அதன் ஆற்றல் பெரிதும் துருவங்களின் வழியே இறங்கி, மேற்காற்றைச் சூடாக்கி உப்பச் செய்கிறது. அவ்வாறு உப்பிய காற்று, உயரே சுற்றும் செயற்கைக்கோள்களை உராய்ந்து கீழே இழுக்கும். 1979ஆம் ஆண்டு 'ஸ்கைலாப்' தலையில் விழப்போகிறது என்று நாடே அஞ்சிக் கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதிரவனின் செயற்பாடு எதிர்பார்த்ததைவிட மிகுந்து, மேற்காற்று உப்பியதே அக்கலம் முன்கூட்டியே விழுந்ததற்கு முக்கியக் காரணம். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 கோள்கள், நடுத்தரமான ஒரு காந்தப் புயலாலேயே அழிந்தன.

அப்படியானால் பெரும்புயல் எத்தகையது? 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் என்பவர் கதிரவன் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றினிடையே வெண்ணொளி ஒன்று வெடித்தெழக் கண்டார். ஏறத்தாழ 17 மணி நேரத்தில் புயல் பூமியை அடைந்தது. வெப்பமண்டல நாடாகிய கியூபாவிலும் துருவ ஒளி தோன்றிற்று. தந்திக் கருவிகள் தீப்பொறி கக்கின. அந்நாளில் பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் பூமியின் காந்த விசையைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிவந்தனர். செப்டம்பர் 2 அன்று காந்த விசை சுமார் 1600 நானோ டெஸ்லா சரிந்ததை அவர்களது ஏடு காட்டுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்திய 1989ஆம் ஆண்டுப் புயலின் உலகச் சராசரி அளவு 600க்கும் குறைவே. கொலாபா ஏட்டின் அருமையை உலக அறிஞர்கள் விரிவாக எடுத்துரைத்தது 2003ஆம் ஆண்டில்தான். எதற்கு உதவும் என்று அறியாமலே நாள்தோறும் உண்மையாய்ச் செய்த பணி, 144 ஆண்டுகள் கழித்துப் பலன் தந்தது!

நம் தென்னாட்டு வானத்திற்கு மற்றொரு தனிச்சிறப்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் வலிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அங்குள்ள மின்புலம் மின்துகள்களை நீரூற்றுப்போல் உயரத் தூக்கி, வடக்கிலும் தெற்கிலும் சொரிகிறது. பெரும்புயலின்போது அவ்வூற்று சில வேளை பொங்கியெழும். சில வேளை அடங்கிவிடும். செயற்கைக்கோள் வழியே திசையறியும் கருவிகள் அப்போது தடுமாறுகின்றன.

இம்மண்டலத்தை ஆராய ராக்கெட் ஏவ வேண்டும். அதற்கு விக்ரம் சாராபாயும் அவருடைய தோழர்களும் தேர்ந்த இடம், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூர். ஆனால் அங்கே புனித மகதலா மரியாவின் ஆலயமும், அதைச் சூழ்ந்து மக்களின் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தாமே முடிவு செய்துவிடவில்லை. ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே கேட்டார் என்றும், அவர்கள் 'ஆமென்' என்று விடையளித்தனர் என்றும் அங்கு இளம் பொறியாளராய்ப் பணியாற்றிய அப்துல் கலாம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று, ஆலயம் பணிக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று எழுந்த முதல் ராக்கெட், அந்திவானில் சோடியம் ஆவியைத் தூவி மேற்காற்றின் ஓட்டத்தைக் காட்டியது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாய் நிற்கிறது.

அந்த 'ஆமென்' எளிதாய்ச் சொல்லப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. திருமுழுக்குப் பெற்ற இடம், திருமணம் நடந்த பீடம், படகை இழுத்து நிறுத்திய கரை ஆகிய அனைத்தையும் விட்டுப் பெயர்வது, கடலை நம்பி வாழும் குடும்பத்திற்குச் சிறு இழப்பன்று. வரலாற்று நூல்கள் ராக்கெட்டின் பெயரைக் கூறுகின்றன. பெயர்ந்துபோன குடும்பங்களின் பெயர்களைக் கூறுவதில்லை.

2024 மே 10, 11 நாட்களில், இருபது ஆண்டுகளில் காணாத பெரும் காந்தப் புயல் வீசியது. லடாக்கின் ஹன்லே வானம் சிவந்தது. முந்தைய ஆண்டு ஏவப்பட்ட ஆதித்யா கலம் கதிரவனின் அச்சீற்றத்தைப் பதிவு செய்தது. சூலூர் வானிலோ எந்த ஒளியும் தோன்றவில்லை. நாம் வழக்கம்போல் உறங்கினோம். காண்பவற்றையும் காணாதவற்றையும் படைத்தவர் என்று ஞாயிறுதோறும் இறைவனை அறிக்கையிடுகிற நாம், காணாதவற்றைப் பற்றி எண்ணும்போது வானதூதரோடு நின்றுவிடுகிறோம். நம் தலைக்குமேல் 100 கிலோமீட்டரில் ஓடும் மின்னாறும் அவர் படைத்ததே. அதை நாம் அறியும் பொருட்டுத் தம் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தவர்களும் நம் உடன்பிறப்புகளே.