நாடாவிலிருந்து வட்டுக்கு: வீட்டுப் படப்பதிவின் வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நகரும்போது தேரடியில் நிற்பவர்களைப் பாருங்கள். வடம் பிடித்த கைகளைத் தவிர மற்றக் கைகளிலெல்லாம் செல்பேசி உயர்ந்து நிற்கும். ஓடும் காட்சியைப் பிடித்து வைத்து, வேண்டும்போது மீண்டும் பார்க்கும் ஆற்றல் இன்று சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. 'டெக்' என்று மக்கள் அழைத்த வி.சி.ஆர். கருவியையும் ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது.

இவ்விரு காலங்களுக்கும் நடுவே, ஏறத்தாழப் பத்தாண்டுகள் மட்டும் செல்வாக்குடன் வாழ்ந்து மறைந்த கருவி ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்வட்டும், டிவிடி பதிவானும் ஒரே பெட்டிக்குள் அமைந்த கருவி அது. அப்பெட்டி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வேலை செய்தது, அது நமக்கு விட்டுச் சென்ற பாடம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கம்பியில் பிடித்த குரல்

ஒலியைக் காந்தத்தில் பதியலாம் என்ற கருத்தை 1888-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பொறியாளர் ஓபர்லின் ஸ்மித் ஒரு பத்திரிகையில் எழுதினார். செயலில் காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டமர் பௌல்சன். 1898-ல் அவர் அமைத்த 'டெலிகிராபோன்' கருவியில் ஓர் எஃகுக் கம்பி மின்காந்தத்தின் அருகே ஓடியது. பேச்சுக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறி இறங்கியது. அதற்கேற்பக் கம்பியின் காந்தமும் இடத்துக்கு இடம் மாறிப் பதிந்தது. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் இக்கருவியில் பேசினார். அக்குரல் இன்றும் கேட்கும் நிலையில் உள்ளது.

கம்பி முறுக்கிக்கொள்ளும், அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். எனவே 1928-ல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் பிளாய்மர் காகித நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பூசினார். 1935-ல் 'மேக்னடோபோன்' என்ற நாடாப் பதிவான் பெர்லின் கண்காட்சிக்கு வந்தது. பின்னாளில் நம் வீடுகளில் பாட்டுப் பாடிய கேசட்டுகள் எல்லாம் இதன் வாரிசுகளே.

படத்தைப் பிடிப்பது ஏன் கடினம்?

நம் செவிக்கு எட்டும் ஒலியின் அதிர்வெண் வினாடிக்கு 20,000 வரைதான். தொலைக்காட்சிப் படத்தின் குறிப்பலையோ வினாடிக்கு 50 லட்சம் அதிர்வுகள் வரை செல்கிறது. இவ்வளவு நெருக்கமான அதிர்வுகளை நாடாவில் தனித்தனியே பதிய வேண்டுமானால், நாடா பதிவு முனையைக் கடந்து மிக வேகமாக ஓட வேண்டும். அவ்வாறு ஓடினால் நாடா கட்டுப்படி ஆகாது.

இதற்கு விடை கண்டது கலிபோர்னியாவின் ஆம்பெக்ஸ் நிறுவனம். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான குழுவினர், பின்னாளில் 'டால்பி' என்ற பெயரால் உலகறிந்த ரே டால்பி உட்பட, எளிய உபாயம் ஒன்றைக் கையாண்டனர். நாடா மெதுவாகவே நகரட்டும். பதிவு முனை வேகமாகச் சுழலட்டும்! நான்கு முனைகள் பொருத்திய சக்கரம் ஒன்று சுழன்று, இரண்டு அங்குல அகல நாடாவில் குறுக்குக் கோடுகளாகப் படத்தைப் பதிந்தது. 1956 ஏப்ரலில் சிகாகோவில் இக்கருவி காட்டப்பட்டது. விலை சுமார் 50,000 டாலர். அதை வாங்க ஒளிபரப்பு நிலையங்களால்தான் முடிந்தது.

அதே 1956-ல், அதே கலிபோர்னியாவில், ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்வட்டுக் கருவியை வெளியிட்டது என்பது வியப்புக்குரியது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. நாடாவும் வட்டும் ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள். இரண்டும் ஒரே வீட்டில் குடியேற 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வீட்டுக்கு வந்த நாடா

சோனியின் பீட்டாமாக்ஸ் 1975-லும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-லும் சந்தைக்கு வந்தன. சுழலும் முனை என்ற கருத்தை இவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டில் புழங்கிய வி.எச்.எஸ். கருவியில் 6.2 செ.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று வினாடிக்கு 25 முறை சுழலும். அதன் சுற்றளவு சுமார் 19.5 செ.மீ. ஆகவே முனையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.9 மீட்டர். ஆனால் நாடாவின் வேகம் வினாடிக்கு வெறும் 2.34 செ.மீ.

இந்த ஏற்பாட்டின் சிறப்பை ஒரு கணக்கால் அறியலாம். மூன்று மணி நேரப் படத்துக்குச் சுமார் 250 மீட்டர் நாடா போதும். முனை அசையாமல் நிற்க, நாடாவே அந்த 4.9 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டுமென்றால் 50 கிலோமீட்டருக்கு மேல் நாடா தேவைப்படும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தூரம் சுமார் 12 கி.மீ. இரண்டு முறை போய்த் திரும்பினாலும் நாடா மீதமிருக்கும்!

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிற்று. 1982-ல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை, உயரமான ஆன்டெனா கட்டித் தென்மாவட்ட மக்கள் பிடித்துப் பார்த்தனர். அந்தப் பத்தாண்டில்தான் கல்யாணத்துக்குப் புகைப்படக்காரருடன் வீடியோக்காரரும் வரலானார். பஞ்சாலை ஊரான ராஜபாளையத்திலும், பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீட்டுப் பீரோக்களில் அக்காலக் கேசட்டுகள் இன்றும் கிடக்கின்றன.

எண்ணாக மாறிய படம்

நாடாவில் பதிந்தது அலை. ஒரு பிரதியிலிருந்து மறு பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கும். படத்தை எண்களாக மாற்றிவிட்டால் இக்குறை நீங்கும். நூறாவது பிரதியும் முதற்பிரதி போலவே இருக்கும். ஆனால் எண்கள் மிகப் பல. 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படம் வினாடிக்கு 25. புள்ளி ஒன்றுக்கு 16 இரும எண்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 16.6 கோடி இரும எண்கள் வருகின்றன. இரண்டு மணி நேரப் படத்துக்கு 30-க்கும் மேற்பட்ட டிவிடி வட்டுகள் வேண்டியிருக்கும்.

இதைச் சுருக்கும் வழியில் இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-ல் ஒரு கணித முறையை ஆராய நிதி கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அவர் ஆய்வைக் கைவிடவில்லை. தம் மாணவர் டி. நடராஜனுடனும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-ல் பொறியியல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் அம்முறையை வெளியிட்டார். அதுவே தனிநிலைக் கொசைன் உருமாற்றம்.

இம்முறையில் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் மெதுவான, வேகமான கொசைன் அலைகளின் கூட்டாக எழுதப்படுகிறது. கோபுரத்துக்குப் பின்னால் தெரியும் நீல வானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 64 புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நிறம். ஆகவே 64 எண்களுக்குப் பதில் ஓரிரு எண்களே போதும். கண் கவனிக்காத நுணுக்கங்களைத் தோராயமாக்கிவிடலாம். அதோடு, செய்தி வாசிப்பவரின் உதடுதான் அசைகிறது, பின்திரை அசையவில்லை என்றால், அசைந்த பகுதியை மட்டும் எழுதினால் போதும். 1990-களில் வகுக்கப்பட்ட எம்பெக்-2 முறை இவ்விரு உத்திகளையும் கையாண்டு, 16.6 கோடியைச் சுமார் 50 லட்சமாகக் குறைத்தது. நம் செல்பேசிப் படங்களிலும் அகமது குழுவினரின் கணிதமே பெரும்பாலும் உழைக்கிறது.

ஒரே பெட்டிக்குள் இரு வட்டுகள்

டிவிடி வட்டு 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. குறுந்தகட்டை 780 நானோமீட்டர் லேசர் படிக்கிறது; டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் செந்நிற லேசர். அலைநீளம் குறைந்ததால் குழிகளைச் சிறிதாக்கி 4.7 ஜிகாபைட் வரை அடைக்க முடிந்தது. ஒருமுறை எழுதும் வட்டில் லேசரின் வெப்பம் சாயப் படலத்தை மாற்றிவிடும். பலமுறை எழுதும் வட்டிலோ ஓர் உலோகக் கலவை படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் இடையே மாறி மாறிச் செல்லும்.

வன்வட்டும் இக்காலத்தில் வேகமாக வளர்ந்தது. ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகியோர் 1988-ல் கண்ட மாபெரும் காந்தத்தடை விளைவு 1997 முதல் வன்வட்டு முனைகளில் பயன்பட்டது. 2007-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1999-ல் அமெரிக்காவில் 'டிவோ' என்ற வன்வட்டுப் பதிவான் வந்தது. நாடாவில் செய்ய முடியாத ஒன்றை அது செய்தது: ஒரு நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். வட்டின் எந்த இடத்துக்கும் முனை நொடியில் தாவும் என்பதே காரணம்.

விரைவில் வன்வட்டும் டிவிடியும் ஒன்றாயின. நம் வீடுகளில் இதைப் பொருத்துவது எளிது. கேபிள் ஒயரைப் பதிவானின் ஆன்டெனா துளையில் செருக வேண்டும். அங்கிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் தொலைக்காட்சிக்குச் செல்லும்: மஞ்சள் படத்துக்கு, மற்றவை இரு ஒலிகளுக்கு. பிறகு அலைவரிசைகளைத் தேடிப் பதித்து, கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். கடிகாரம் பிசகினால் நேரம் குறித்த பதிவும் பிசகும். நடுத்தரத் தரத்தில் 160 ஜிகாபைட் வன்வட்டில் ஏறத்தாழ 68 மணி நேரமும், ஒரு டிவிடியில் 2 மணி நேரமும் அடங்கும்.

வன்வட்டில் பதிந்து, தேவையற்றதை வெட்டி, வேண்டியதை டிவிடிக்கு மாற்றுவதே முறை. கடைசியில் 'ஃபைனலைஸ்' என்ற கட்டளை தர வேண்டும். பொருளடக்கமும் அட்டையும் சேர்த்துப் புத்தகத்தைக் கட்டுவது போன்றது இது. அதைச் செய்யாவிட்டால் மற்றக் கருவிகள் அவ்வட்டைப் பெரும்பாலும் படிக்க மாட்டா.

எங்கள் வீட்டுப் பெட்டி

என் தாய்மாமன் 2009-ல் வெளிநாட்டிலிருந்து அத்தகைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "மாப்பிள்ளை, பழைய கேசட்டை எல்லாம் இதுல ஏத்திரு. இனிமே பூஞ்சைக்குப் பயப்பட வேண்டாம்" என்றார். நானும் ஏற்றினேன். அவற்றுள் ஒன்று என் பெற்றோரின் கல்யாணக் கேசட். அதில் அம்மாச்சி பந்தியருகே நின்று, யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். நான் பிறக்கும் முன்பே காலமான அவருடைய குரல் அது ஒன்றுதான். வன்வட்டில் ஏறிவிட்டதே என்று பூஞ்சை பிடித்த நாடாவை எறிந்துவிட்டோம். டிவிடிக்கு மாற்றுவதைப் 'பிறகு' என்று தள்ளிப்போட்டேன்.

2012-ல் தமிழகமெங்கும் கடும் மின்வெட்டு. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு நாளில் வன்வட்டு 'டக் டக்' என்று ஒலித்து நின்றது. கழற்றிக் கணினியில் இணைத்தோம். முனை பழுதானதால் எதுவும் வரவில்லை. பழுதாகாமல் இருந்தாலும் பயனிருந்திருக்காது. அத்தகைய பெட்டிகள் பல, கணினிக்குப் புரியாத தனி முறையில் பதிந்து வைப்பவை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை வருத்தியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் பெயர் எழுதாத ஒரு டிவிடி கிடைத்தது. எப்போதோ நானே சோதனைக்காக எழுதிக் கொடுத்து, ஃபைனலைஸ் செய்யாமல் விட்ட வட்டு! எந்தக் கருவியிலும் ஓடாததால் சித்தி அதை ஓரமாக வைத்திருந்தார். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் அதே வகைப் பதிவான் இருந்தது. அதில் வைத்து, கட்டளை கொடுத்துக் காத்திருந்தோம். அரை மணி நேரப் படம் பிழைத்தது. பந்திக் காட்சியும் அதில் இருந்தது.

படியெடுத்தால் பிழைக்கும்

இத்தவறு சிறியவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியதைப் பதிந்த மூல நாடாக்களைத் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009-ல் முடிவுக்கு வந்தது. ஒளிபரப்பானவற்றின் பிரதிகள் வேறிடங்களில் இருந்ததால்தான் அக்காட்சியை இன்றும் காண்கிறோம்.

வன்வட்டுப் பதிவானின் காலமும் முடிந்தது. கேபிள் ஒளிபரப்பு எண்முறைக்கு மாறியபின் அதன் அலைவரிசைப் பகுதி பயனற்றுப்போயிற்று. கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரும் 2016 ஜூலையுடன் உற்பத்தியை நிறுத்தினார். நாடாக்கள் எஞ்சியிருக்கலாம், அவற்றை ஓட்டும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன.

பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். இருந்தும் ஈராயிரம் ஆண்டுப் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. ஓலை செல்லரிக்கும் முன்பு யாரோ புதிய ஓலையில் படியெடுத்தார்கள், உ. வே. சாமிநாதையர் போன்றோர் அவற்றைத் தேடி அச்சில் ஏற்றினார்கள். காந்தத்துக்கும் லேசருக்கும் பொருந்தும் விதி இதுவே. மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறோர் ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள்.

மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். கேசட் ஏதேனும் இருந்தால், அதை ஓட்டும் கருவி ஊரில் இருக்கும்போதே படியெடுத்துவிடுங்கள். எடுத்த வட்டின்மேல் பெயரும் தேதியும் எழுத மறவாதீர்கள்.