சுரங்கத்தின் அருள் பொறித்த வெள்ளிக் காசு

நாணயம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ராஜாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் காசின் பின்பக்கம்தான் பிடிக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் சேர்த்தவற்றில் 1840களின் பிரஷ்ய வெள்ளித் தாலர் ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்தில் 'மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத் தொழிலின் அருள்' என்று ஜெர்மன் மொழியில் பொறித்திருக்கிறது. 1826 முதல் 1862 வரை இந்த வாசகத்தோடு பிரஷ்யாவில் தாலர்கள் வெளிவந்தன.

தாலர் என்ற பெயரே ஒரு சுரங்க ஊர் தந்ததுதான். பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தாலில் கிடைத்த வெள்ளியில், 1520 வாக்கில் ஷ்லிக் பிரபுக்கள் பெரிய காசுகளை அடித்தார்கள். ஊர்ப்பெயரின் வால்பகுதி 'தாலர்' ஆயிற்று. அதுவே பின்னாளில் டாலர்.

குறிப்பிட்ட சுரங்கத்து வெள்ளியில் அடித்த காசுக்கு ஜெர்மானியர் 'அவுஸ்பாய்ட்டெ தாலர்' என்பார்கள். அவுஸ்பாய்ட்டெ என்றால் சுரங்க லாபம். அந்தக் காலச் சுரங்கங்களுக்கு 'குக்ஸ்' என்ற பங்குகள் இருந்தன. லாபம் வந்தால் பங்குதாரருக்கு வெள்ளிக் காசு. வராவிட்டால் அவர்தான் கைப்பணம் போட்டுச் சுரங்கத்தை நடத்த வேண்டும். ஹார்ட்ஸ் மலையில் 'வெள்ளை அன்னம்' என்றொரு சுரங்கம். அதன் காசில் அன்னம். லவுட்டன்தால் காசில் லூட் என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் பெண். ஊர்ப்பெயரை வைத்து ஒரு சிலேடை!

என் காசுக்குரிய மான்ஸ்ஃபெல்டில் தனி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. அங்கே தோண்டியது செம்புத்தாதுப் பாறை. அதை உருக்கும்போது உடன் கிடைத்ததே வெள்ளி. தாதுப் படலம் மிக மெல்லியது. அதனால் சுரங்கப் பாதையும் முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகமில்லை. தொழிலாளிகள் ஒருக்களித்துப் படுத்தபடியே பாறையை வெட்டினார்கள். கழுத்து கோணிப்போனதால் அவர்களுக்குக் 'கோணக் கழுத்தர்' என்றே பெயர். வெட்டிய பாறையைச் சின்ன வண்டிகளில் ஏற்றி, காலில் கட்டி, தவழ்ந்து இழுத்து வந்தவர்கள் சிறுவர்கள். அருள் என்று காசில் எழுதியது யாருக்கு என்று அதைக் கையிலெடுக்கும்போதெல்லாம் கேட்கத் தோன்றுகிறது.

சேகரிக்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. 14 தாலருக்கு ஒரு மார்க், அதாவது சுமார் 234 கிராம், தூய வெள்ளி என்பது அன்றைய கணக்கு. முக்கால் பங்கு வெள்ளி கலந்த அந்தக் காசின் எடை 22.27 கிராம். தேய்மானத்துக்கு மேல் எடை குறைந்தால் சந்தேகப்படுங்கள். கறுத்திருக்கிறதே என்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், மதிப்பு போய்விடும்.