எந்தத் தண்ணி குடிச்சீங்க?

என் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடுகள் உண்டு. எங்கள் பக்கம் இதைக் காரைப் பல் என்பார்கள். கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. வகுப்பில் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. 2007ல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டான், "ஏன்டா, பான்பராக் போடுவியா?" அன்றிலிருந்து ஃபோட்டோவில் வாயை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். அக்காவுக்கு இது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், "பொண்ணு நல்லா இருக்கு, பல்லுதான்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவுக்கு நாற்பது வயது ஆவதற்குள் இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டன. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். சுமார் பத்து வருஷம் பல டாக்டர்களிடம் போனோம். எல்லாச் சீட்டிலும் மூட்டு வலி என்று ஒரு வரி, கீழே வலி மாத்திரை. 2016ல் ஒரு டாக்டர் மட்டும் முட்டியைத் தொடுவதற்கு முன்னால், "அம்மா, கொஞ்சம் பல்லைக் காட்டுங்க" என்றார். பிறகு, "சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தீங்க? எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

"கிணத்துத் தண்ணி சார். அப்புறம் போர் தண்ணி. நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடிப்போம்."

அவர் முட்டியோடு சேர்த்து முன்கைக்கும் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. சாதாரணமாக எக்ஸ்ரேயில் தெரியாது. அம்மாவுடையதில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகத் தெரிந்தது. "தண்ணில ஃப்ளோரைடு அதிகம்மா. கொதிக்க வச்சா அது போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆகும்" என்றார்.

அந்தப் பத்து வருஷமும் அம்மாவின் வாயிலேயே பதில் இருந்திருக்கிறது. கேள்விதான் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் இந்தக் கேள்வியை முதலில் யார் கேட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

*

தேடல் முதலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1901ல் ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தொழில் செய்யப் போகிறார். ஊரில் நிறையப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. எந்தப் புத்தகத்திலும் அதைப் பற்றி இல்லை. முப்பது வருஷம் அதன் பின்னாலேயே அலைந்தார். 1923ல் இடாஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். மெக்கே தண்ணீரைச் சோதித்தார். சந்தேகப்படும்படி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊரும் கேட்டது. சில வருஷங்களில் அடுத்த பிள்ளைகளுக்கு முளைத்த பற்கள் வெள்ளையாக இருந்தன.

தண்ணீரில் இருந்தது ஃப்ளோரைடு என்று தெரிந்தது 1931ல். அல்கோவா என்ற அலுமினிய கம்பெனியின் வேதியியலாளர் ஹெச்.வி. சர்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். ஆக, காரணத்தின் பெயர் தெரிவதற்கு முன்னாலேயே ஓக்லியில் தீர்வு வந்துவிட்டது. யாருக்குக் கறை என்ற பட்டியலையும், எந்தத் தண்ணீர் என்ற பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே அதற்குப் போதுமாக இருந்தது. நான் பிழைப்புக்குச் செய்யும் டேட்டாபேஸ் வேலையில் இதற்கு ஜாயின் என்று பெயர். இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவாக ஒரு பத்தி இருந்தால் அவற்றைச் சேர்த்துவிடலாம். பொதுப் பத்தி இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் எத்தனை லட்சம் வரிகள் இருந்தாலும் பிரயோஜனமில்லை.

இந்த ஆராய்ச்சிக்குப் பல் பொருத்தமான ஆதாரம். நிரந்தரப் பற்களின் எனாமல், ஞானப்பல் தவிர, ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. எலும்பைப் போல் அது பிறகு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அந்த வயதில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமலில் அது பதிந்துவிடும். அதற்கப்புறம் எந்த ஊருக்குக் குடிபோனாலும் அழியாது.

*

மெட்ராஸ் ராஜதானியில் இது பதிவானது 1937ல். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக அப்போது ஹெச்.இ. ஷார்ட் இருந்தார். மலேரியா கிருமி ஈரலில் ஒளிந்து வளர்வதைப் பின்னாளில், 1948ல், கார்ன்ஹாமுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் இவர்தான். நெல்லூர் மாவட்டத்தின் வறண்ட மேற்குப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கறைப் பல்லும், பெரியவர்களுக்கு மரக்கட்டையாய் விறைத்த முதுகெலும்பும் இருந்தன. ஷார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் இரண்டும் ஒரே நோய் என்றும், காரணம் கிணற்றுத் தண்ணீரின் ஃப்ளோரைடு என்றும் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரையில் டி.டபிள்யூ. பர்னார்டின் பெயரும் இருக்கிறது. மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934ல் திறந்த, இன்றைக்கும் பர்னார்ட் இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கப்படும் எக்ஸ்ரே நிலையம் அவர் பெயரில் இருப்பதுதான். ஆய்வகம் தண்ணீரைப் பார்த்தது, மருத்துவர்கள் உடம்பைப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எலும்பைப் பார்த்தது. மூன்று துறைகள் ஒரே கிராமத்து மனிதர்களைச் சேர்ந்து பார்த்ததால்தான் முதுகுப் பிடிப்பு என்பது ஃப்ளோரோசிஸ் ஆயிற்று. மூன்று வருஷம் கழித்து, பின்னாளில் ஐ.சி.எம்.ஆர். இயக்குநரான சி.ஜி. பண்டிட்டும் மற்றவர்களும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். எலும்பு எவ்வளவு கெடும் என்பதில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு, ஏழைகளின் வீட்டில் இதே தண்ணீர் அதிகமாக அடிக்கிறது.

அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதே ராஜதானியின் சேலம் மாவட்டத்தில் இருந்தன. அதாவது என் பாட்டி பிள்ளைகள் பெறுவதற்கு முன்னாலேயே, எங்களை ஆண்ட அதே அரசாங்கத்தின் அலமாரியில் அம்மாவின் முட்டிவலிக்கு விடை இருந்தது. ஆனால் அது நெல்லூர் என்ற பெயரில் இருந்தது.

*

இங்கே எனக்கு ஒரு தொழில்முறைப் பயம் வருகிறது. 1965ல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அந்தப் பக்கம் 1937ல் நெல்லூராக இருந்த பகுதிகள் 1970ல் பிரகாசம் மாவட்டத்துக்குப் போயின. நோய்க் கணக்கு மாவட்டப் பெயரில் வைக்கப்படுகிறது. மாவட்டம் பிரியும்போது பழைய கணக்கு பழைய பெயரிலேயே தங்கிவிடும். பாறை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்களுக்கு அடியில் இருப்பது கருங்கல்லும் அதன் உறவுக்காரப் பாறைகளும். அவற்றின் தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைகிறது. மழை குறைந்து, தண்ணீர் பாறை இடுக்கில் நீண்ட காலம் தங்கினால் இன்னும் அதிகமாகக் கரையும். கிணறு வற்றி போர் போட்டு, ஆழம் போகப் போகப் பல இடங்களில் அந்தப் பழைய தண்ணீரைத்தான் எடுத்தோம்.

மாவட்ட சராசரி என்பதும் இப்படி ஒரு கண்கட்டு. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஒரே ஊரில் ஒரு போரில் வரம்புக்குள்ளும் அடுத்த தெரு போரில் வரம்புக்கு மேலும் வரலாம். சராசரியைக் குடித்து யாரும் வளர்வதில்லை.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. நாக்பூர் நீரி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைடை இறக்கும் நல்கொண்டா முறையை 1970களில் உருவாக்கியது. 2008-09ல் மத்திய அரசு ஃப்ளோரோசிஸுக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எங்களுக்கு வந்த பெரிய தீர்வு ஒகேனக்கல். அதன் முழுப் பெயர் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். குழாய்த் திட்டம் ஒன்றின் பெயருக்குள்ளேயே நோயின் பெயர் இருக்கிறது. ஆனால் 2008ல் அந்தப் பெயரை யார் சொன்னார்கள்? அந்த பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது. பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரலில் சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஹாஸ்டல் டிவியில் பார்த்துக்கொண்டு நாங்களும் விசில் அடித்தோம். எல்லை, டிஎம்சி, மானம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். என் பல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது எனக்கே தெரியாது. ஒருவேளை அந்த மாதங்களில் கறைப்பல்லோடு ஒரு பிள்ளையின் படம் இரண்டு மாநிலத்துச் செய்திகளிலும் வந்திருந்தால் சண்டை நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். எதற்காகச் சண்டை என்பதாவது தெரிந்திருக்கும். கர்நாடகத்திலும் இதே பாறை, இதே நோய் உள்ள தாலுகாக்கள் இருக்கின்றன.

ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013 மே மாதம் திட்டத்தைத் திறந்தார்கள். எங்கள் ஊர் டேங்குக்குக் காவிரி வந்தது. அம்மா முதல் குடத்தைப் பிடித்துக் குடித்துவிட்டு, "சப்புனு இருக்கு" என்றார். உப்புத் தண்ணீர் பழகிய நாக்கு. அம்மாவின் எலும்புக்கு அது தாமதம்தான். அடுத்த வருஷம் பிறந்த அக்கா மகளுக்கு நேரத்தோடு வந்த தண்ணீர்.

*

பாப்பாவுக்கு முன்பற்கள் விழுந்து முளைத்தபோது வீடே அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. பளிச்சென்று வெள்ளை. எங்கள் குடும்பத்தில் பல மழைக்காலங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளைச் சிரிப்பு. அக்கா அழுதேவிட்டாள்.

அதற்குள் அவர்கள் ஓசூருக்குக் குடிவந்திருந்தார்கள். மாமாவுக்கு சிப்காட்டில் வேலை. பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. கம்பெனிகளைச் சுற்றி முளைத்திருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. பத்துக் குடித்தனம், ஒரு போர், ஒரு சின்டெக்ஸ் டேங்க். குடிக்கக் கேன் வாங்கினார்கள். சமையலுக்குப் போர் தண்ணீர். மாதக் கடைசியில் குடிக்கவும் அதேதான். பக்கத்து வீடுகளில் ஒடிசா, பீகார் பையன்கள். வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள்.

போன மாதம் பாப்பாவுக்குக் கடைவாய்ப் பக்கம் புதுப் பற்கள் முளைத்தன. அதில் சாக்பீஸ் போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். முன்பல்லையும் பக்கத்துப் பல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மூணு வயசுக்கு மேல வீடு மாத்தினீங்களா?" என்று கேட்டார். முன்பற்களின் எனாமலுக்கு முக்கியமான காலம் முதல் மூன்று வருஷம். பக்கத்துப் பற்களுக்கு அதற்கப்புறம். லேசான பாதிப்புதான், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் ஒரு குழந்தையின் வாய்க்குள் இரண்டு விலாசங்கள் இருந்தன.

ஓசூர் மாதிரி ஊருக்கு 1937ன் கேள்வி மட்டும் போதாது என்று அப்போது தோன்றியது. அன்று ஊர்ப் பெயரைக் கேட்டால் தண்ணீர் தெரிந்துவிடும். பிறந்த ஊரிலேயே கிழவர்களானவர்கள் அவர்கள். இன்று ஆதார் அட்டையில் ஒரு ஊர், உடம்பில் நாலு ஊர். சீட்டில் விலாசம் எழுதுகிற இடத்தில் இப்போதிருக்கும் வீடு மட்டும்தான் ஏறுகிறது. இருபது வருஷம் கழித்து அந்தப் பீகார் பையன்களில் ஒருவனுக்கு இடுப்பு பிடித்தால், எந்த டாக்டருக்கு இந்த சின்டெக்ஸ் டேங்க் தெரியப்போகிறது?

ஆனால் நம்பிக்கையில்லாமல் முடிக்க விருப்பமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். பிரஷர், சுகர் பார்க்க வாசலுக்கே வருகிற அக்காக்களுக்கு எந்த வீட்டில் எந்தத் தண்ணீர் ஓடுகிறது என்பது நன்றாகத் தெரியும். தண்ணீர்ப் பட்டியலையும் நோயாளிப் பட்டியலையும் சேர்க்கக்கூடிய ஆள் யாராவது இருக்கிறார்கள் என்றால் அவர்கள்தான். ஒரு பத்தி கூடுதலாக இருந்தால் போதும்.

இதை எழுதும்போது மேஜையில் ஒரு பாட்டில் இருக்கிறது. அக்கா வீட்டு போர் தண்ணீர், நாளைக்குச் சோதனைக்குப் போகிறது. மேலே ஒட்டிய தாளில் இடம், போரின் ஆழம், தேதி எல்லாம் எழுதிவிட்டேன். பாப்பா பக்கத்தில் வந்து படித்துப் பார்த்துவிட்டு, "மாமா, யாரு குடிச்சாங்கன்னு போடலையே" என்றாள். பேனாவை அவளிடம் கொடுத்தேன். தேதிக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.