தேனாம்பேட்டையில் இறங்கிய பாக்

1986-இல் எனக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் ஒரு வாத்தியாரிடம் வயலின் கற்றுக்கொண்டிருந்தேன். சினிமா இசை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அவர். ஒரு நாள் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ கேசட்டைக் கொண்டுபோனேன். “இதில் பாட்டே கிடையாது சார், தியாகராஜருக்கும் பாக் என்கிற ஜெர்மன்காரருக்கும் சமர்ப்பணம்” என்று தியாகராஜரை முன்னால் நிறுத்தித்தான் சம்மதம் வாங்கினேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டேப்ரெக்கார்டர் ‘டக்’கென்று நின்றதும் சொன்னார்: “நன்னாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேர் ஒரே சமயத்துல பேசறாளே, நான் யார் சொல்றதைக் கேக்கறது?”

அதற்கான பாடம் அதே மயிலாப்பூரில், சாய் லாட்ஜ் அறை ஒன்றில் பல வருஷம் நடந்திருக்கிறது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே தங்கியிருந்தவர் தன்ராஜ் மாஸ்டர். சினிமாவில் வாசிக்க வந்த எத்தனையோ பேருக்கு ஐந்து கோட்டில் இசையை எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுத்தவர். அறுபதுகளின் கடைசியில் பண்ணைபுரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு சென்னை வந்த ராசையா அவரிடம் போய்ச் சேர்ந்தார். ‘ராசையா’வை ‘ராஜா’ ஆக்கியவர் மாஸ்டர். ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால் ‘அன்னக்கிளி’ வந்த 1976-இல் பஞ்சு அருணாசலம் முன்னால் ‘இளைய’ சேர்த்தார். பாக்கும் மொஸார்ட்டும் பீத்தோவனும் ராஜாவுக்கு அறிமுகமானது அந்த அறையில். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்விலும் தேறினார்.

சபா மேடை இருக்கும் ஊரில் பாக்குக்கு லாட்ஜ் அறைதான் கிடைத்தது. அதுவே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். சபாவுக்குப் போயிருந்தால் வாத்தியார் மாதிரி நாலு பேர் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். லாட்ஜுக்கு வந்தவர்களோ மறுநாள் காலை ஒன்பது மணி கால்ஷீட்டில் வாசித்தாக வேண்டியவர்கள். கற்றது உடனே வேலைக்கு ஆகவேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மெட்டுகள் ஒரே சமயத்தில் பேசும் கவுன்டர்பாயின்ட் வித்தையை அங்கே படித்த ராஜா, அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் தெரியுமா? பஸ்ஸில். 1978-இல் வந்த ‘சிட்டுக்குருவி’ படத்தின் ‘என் கண்மணி’ பாட்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடியது. காதலனும் காதலியும் பஸ்ஸில் போகிறார்கள். வாய் திறக்காமல் மனசுக்குள் பாடிக்கொள்கிறார்கள். வாயை மூடியிருக்கும் மனசு ஒன்றுக்கு இரண்டாகப் பேசலாமே! அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு குரல். ஒரு குரல் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று இடைவெளியில் நுழைகிறது. தனித்தனியே எடுத்தாலும் மெட்டு, சேர்த்தாலும் ஒரே மெட்டு. நடுவில் கண்டக்டர் தேனாம்பேட்டை ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று கத்துகிறார். லைப்சிக் தேவாலயத்தில் 1723 முதல் 1750-இல் சாகும்வரை இசை இயக்குநராக இருந்த பாக்கின் வித்தை, நம் ஊரில் அப்படித்தான் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இடித்துப் பிடித்து ஏறியது.

எங்கள் கர்நாடக சங்கீதத்தில் இப்படி இரண்டு குரல் ஒரே சமயத்தில் பேச இடமில்லை. பாடும் வித்வான் ஒரு கோடு போடுவார், வயலின்காரர்கள் நாங்கள் நிழல் மாதிரி பின்னால் போவோம். அவர் நிறுத்தினால் எங்கள் முறை. குறுக்கே பேசினால் மரியாதைக் குறைவு. பாக்கின் ஃபியூக்கிலோ ஒரு குரல் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அடுத்தது அதே விஷயத்தை வேறு ஸ்வரத்திலிருந்து எடுக்கும். முதல் குரல் அதற்காக வாயை மூடிக்கொள்ளாது.

அந்தக் கேசட்டில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒரு துண்டு. 1720-இல் பாக் படியெடுத்துவைத்த தனி வயலின் பார்ட்டீட்டா ஒன்றின் முகப்புப் பகுதியின் மேல் ராஜா கட்டியது. கேசட்டில் தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். கேட்டுக் கேட்டு நானும் வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். வண்டிக் குதிரையைப் பந்தயத்தில் விட்ட கதை. மேற்கத்திய வயலினில் நாலு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் ஸ்வர தூரத்தில் நிற்கும். நம்முடையது ஸ-ப-ஸ-ப. நடுவில் ப-விலிருந்து ஸ-வுக்கு ஒரு ஸ்வரம் குறைச்சல். பாக்கில் விரல் ஓடும்போது நடுநடுவே வெறும் தந்தி மணி மாதிரி அடிக்க வேண்டும். நம் சுருதியில் அந்த மணி தப்பான இடத்தில் அடிக்கும். மேல் இரண்டு தந்திகளையும் ஒரு ஸ்வரம் முறுக்கினேன். முதல் தந்தி பட்டென்று அறுந்து மணிக்கட்டில் கோடு போட்டது. வாத்தியார் சிரித்தார். “பாலுஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்காரன் கிட்டேர்ந்து இதை எடுத்து நம்ம சுருதிக்குக் கொண்டுவந்தார். நீ திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கறியா?” என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் இதே சென்னையில் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி செய்த வேலை அது. வயலின் தரையில் உட்கார்ந்து, தலையைக் காலில் வைத்துக்கொண்டு கர்நாடகமாகிவிட்டது. உடன் வந்த இசையை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அது வர மேலும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

திருப்பிக் கொண்டுபோகிற வேலையையும் ராஜா செய்தார். 1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவோடு ஒரு சிம்ஃபனி பதிவுசெய்தார். அது வெளிவரவில்லை. 2005-இல் திருவாசகம் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்தது. கடைசியில் 2025 மார்ச் 8 அன்று, எண்பத்தோரு வயதில், ‘வேலியன்ட்’ சிம்ஃபனியை லண்டன் மேடையில் அரங்கேற்றினார். அன்று என்னிடம் படிக்கும் பெண் செல்போனைக் காட்டி, “மாமி, உங்க வாத்தியார் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?” என்றாள். யார் சொல்வதைக் கேட்பது என்றுதான் மறுபடி கேட்டிருப்பார். என்னிடமும் அப்போது பதில் இல்லை. இப்போது கேட்டால் சொல்வேன்: தேனாம்பேட்டை பஸ்ஸில் ஏறுங்கள் சார், எல்லாரும் பேசுவார்கள், நீங்கள் இறங்க வேண்டிய இடம் மட்டும் காதில் விழுந்துவிடும்.

போன வாரம் அந்த வழியாக மெட்ரோவில் போனேன். தேனாம்பேட்டை என்று தமிழில் அறிவிப்பு வந்தது. அது முடியும்வரை காத்திருந்து ஆங்கிலம் ஆரம்பித்தது.