நாடு கடந்த நரிகளும் ஒரு கொலை விசாரணையும்



மிருகங்கள் துப்பறியும் கதை என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் ஒரு கொலை, அதற்குக் காரணமான நரி, இரகசியத்தைக் கேட்டுவிட்ட சிறுத்தை, விடாமல் விசாரித்த தாய்ச் சிங்கம் என்று ஒரு மர்மக் கதை 8ஆம் நூற்றாண்டிலேயே அரபு மொழியில் வந்துவிட்டது. அதன் வேர் எமக்குப் பழக்கமான பஞ்சதந்திரம்.

பஞ்சதந்திரத்தின் முதற் பகுதி உங்களுக்கு நினைவிருக்கும். பிங்கலகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் நண்பர்கள். தமனகன் என்ற நரி இருவருக்கும் இடையில் கோள் மூட்டுகிறது. சிங்கம் விசாரிக்காமலே எருதைக் கொன்றுவிடுகிறது. கரடகன் என்ற மற்ற நரி கண்டித்தும் பயனில்லை. வடமொழிக் கதையில் தமனகனுக்குத் தண்டனை கிடையாது. சிறுவயதில் இதைக் கேட்டபோது, "அம்மம்மா, அந்த நரிக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?" என்றுதான் நான் கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு அரபு மொழியில் பதில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில், புர்சோய் என்ற மருத்துவர் இந்தக் கதைகளை இந்தியாவிலிருந்து கொண்டுபோய்ப் பஹ்லவி மொழியில் எழுதினார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்ற பாரசீகர் அதை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் தந்தார். கரடகன் கலீலாவானான், தமனகன் திம்னாவானான். பஹ்லவி நூல் பின்னர் அழிந்துபோயிற்று.

அரபு நூலில் திம்னாவின் விசாரணை என்று புதிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அதை இப்னுல் முகஃபாவே சேர்த்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கலீலா இரவில் திம்னாவைக் கடிந்துகொள்வதை ஒரு சிறுத்தை கேட்டுவிடுகிறது. அது சிங்கத்தின் தாயிடம் சொல்ல, திம்னா சிறைப்படுகிறான். மன்றிலே சாதுரியமாக வாதாடித் தப்பப் பார்க்கிறான். கடைசியில் சிறுத்தை பகிரங்கமாகச் சாட்சி சொல்கிறது. உடனே, சிறையில் திம்னா பேசியதைக் கேட்டிருந்த இன்னொரு மிருகமும் முன்வருகிறது. இவ்வளவு நாளும் ஏன் பேசவில்லை என்று கேட்டால், ஒருவரின் சாட்சி மட்டும் போதாது என்பதால் என்கிறது. இரண்டு சாட்சிகள் சேர்ந்ததும் திம்னாவுக்கு மரண தண்டனை.

இப்படி எழுதியவரின் முடிவுதான் என் மனதை உறுத்துகிறது. அவர் பணிபுரிந்த ஊர் பஸ்ரா. வளைகுடாவின் வடமுனையில், குவைத்துக்கு அருகே, இன்றைய ஈராக்கில் இருக்கிறது. கலீபா மன்சூரை எதிர்த்துத் தோற்ற அவரது சிறிய தந்தை பஸ்ராவில் தஞ்சமடைந்தார். அவருக்கான பாதுகாப்பு உறுதிப் பத்திரத்தை, கலீபா மீறவே முடியாத இறுக்கமான சொற்களில் இப்னுல் முகஃபா எழுதிக் கொடுத்தார். அந்தக் கோபமே அவர் கொல்லப்பட்டதற்குச் சொல்லப்படும் முக்கிய காரணம். 756க்கும் 759க்கும் இடையில் அது நடந்தது. நரிக்குக்கூட விசாரணை வைத்தவருக்கு விசாரணை கிடைக்கவில்லை.

இது எமக்குப் புதிதல்ல. பிள்ளையைக் காத்த கீரியை ஆராயாமல் கொன்ற பஞ்சதந்திரக் கதை சிலப்பதிகாரத்திலும் வருகிறது. அந்தக் குடும்பத்துக்கு உதவியவன் கோவலன். பிறகு அவனே சரியான விசாரணையின்றிக் கொல்லப்பட்டான்.

அரபு நூலிலிருந்து கதைகள் ஐரோப்பாவுக்கும் போயின. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் 1678இல் வெளியிட்ட தொகுப்பில், பில்பே என்ற இந்திய ஞானிக்குத் தான் கடன்பட்டதாகச் சொன்னார். இந்த நெடும் பயணத்தை 2024இல் அபுதாபி லூவர் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியாகவே வைத்தது.

நேயர்களே, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது விசாரணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதற் சாட்சி வாய் திறந்த பிறகுதான் இரண்டாம் சாட்சி துணிந்து வந்தது. எங்கள் வீடுகளிலும் கண்டதையும் கேட்டதையும் சொல்லாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பெயர், ஊர், திகதியோடு அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். அதைக் கேட்டு இன்னொருவர் பேசக்கூடும்.